சுடுதண்ணி வரலைங்க! ஹீட்டர், சோலார் தொல்லைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்த்திகை பிறந்துவிட்டால் எனக்குப் பொழுது விடிவது போன் சத்தத்தில்தான். "ஏனுங்க, ஹீட்டர் போயிருச்சுங்க, சித்த வந்து பாத்துட்டுப் போங்க" என்பார்கள். போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் வீடுகளில் ஹீட்டர் கல்லு மாதிரி இருக்கும். கோளாறு அதற்குள் போகிற தண்ணீரிலோ, அதிலிருந்து வருகிற பைப்பிலோ இருக்கும். கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் வீடு வீடாக ஏறி இறங்கியபோது என்னிடம் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். ஸ்குரூ டிரைவரை எடுப்பதற்கு முன் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

சிவப்பு லைட் எரியுதுங்க, ஆனா தண்ணி பச்சைத் தண்ணியாவே இருக்குது. காயில் போயிருச்சா?

லைட் எரிந்தால் ஹீட்டர் வரைக்கும் கரண்ட் வந்திருக்கிறது, அவ்வளவுதான். காயில் என்பது உள்ளே தண்ணீரைச் சூடாக்குகிற கம்பிச் சுருள். அதற்குள் கரண்ட் போகிறதா என்று பார்க்க ஒரு சுளுவான வழி உண்டு. வீட்டில் ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஈ.பி. மீட்டர் முன்னால் நில்லுங்கள். டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிவப்புப் புள்ளி சிமிட்டிக்கொண்டிருக்கும். ஹீட்டரைப் போடச் சொல்லுங்கள். 2,000 வாட் காயில் வேலை செய்தால் அந்தப் புள்ளி படபடவென்று சிமிட்டும். மாற்றமே இல்லையென்றால் காயில் அறுந்திருக்கிறது, அல்லது கட்-அவுட் விழுந்திருக்கிறது.

கட்-அவுட் என்பது தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் கரண்டைத் துண்டிக்கிற காவல்காரன். மூடிக்குள், சூட்டை அளந்து காயிலை நிறுத்துகிற தெர்மோஸ்டாட் பக்கத்தில் சின்னப் பொத்தானாக இருக்கும். மெயினை இறக்கிவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும், சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. பொத்தானை ஒரு தடவை அழுத்தி, அதோடு சரியாகிவிட்டால் விட்டுவிடலாம். வாரத்துக்கு ஒரு தடவை அழுத்த வேண்டியிருந்தால் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம், மாற்றிவிடுங்கள். கட்-அவுட்டை நேராக வயர் போட்டு இணைத்துவிடுகிற கைகாரர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சூடாகுது, ஆனா நெம்ப நேரமாகுதுங்க.

முதலில் எவ்வளவு நேரம் ஆக வேண்டும் என்று பார்ப்போம். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 2,000 வாட் காயிலுக்குப் பதினெட்டு நிமிடம் வேண்டும். 25 லிட்டர் என்றால் அரை மணி நேரம், செலவு ஏறக்குறைய ஒரு யூனிட். மார்கழியில் மேல் தொட்டித் தண்ணீர் இன்னும் குளிர்ந்திருக்கும், ஐந்தாறு நிமிடம் கூடும். அதற்கு மேல் போனால் வோல்டேஜைப் பாருங்கள். தோட்டத்து வீடுகளில் விடியற்காலை 180 வோல்ட் வருவதை நானே அளந்திருக்கிறேன். வோல்டேஜ் கால் பங்கு குறைந்தால் சூடும் கால் பங்குதானே குறையும் என்று நினைத்துவிடாதீர்கள். 230-க்கு 180 வந்தால் 2,000 வாட் காயில் 1,225 வாட்டாகச் சுருங்கிவிடும். அரை மணி வேலை ஐம்பது நிமிடமாகும். அந்த வீட்டில் புது ஹீட்டர் வாங்கி மாட்டினாலும் இதே கதைதான்.

உள்ளே பொரி வறுக்கிற மாதிரி சத்தம் வருதுங்க. வெடிச்சுருமா?

வெடிக்காது. அது உப்பு. நம் ஊர் ஹீட்டர் கதையில் முக்கால்வாசி இதுதான் என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

ஆயிரம் அடிக்கு போர் போட்டு எடுக்கிற தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்து வருகிறது. குளிர்ந்திருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. சூடாக்கினால் தண்ணீரில் கரைந்துள்ள கரியமில வாயு வெளியேறி, கரைந்திருந்த கால்சியம் சுண்ணாம்பாக மாறிச் சூடான இடத்தில் படியும். இருப்பதிலேயே சூடான இடம் காயில். சோறு அடிப்பிடிக்கிற மாதிரி அங்கே ஓடு கட்டும். ஓட்டுக்கு அடியில் மாட்டிய தண்ணீர் ஆவியாகிப் பொத்துக்கொண்டு வரும்போதுதான் அந்தச் சத்தம்.

உப்பு படிந்தால் கரண்ட் பில் எகிறும் என்று எல்லோரும் சொல்வார்கள். காயில் தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் அது தருகிற சூடு மெதுவாகவாவது தண்ணீருக்குத்தான் போய்ச் சேரும், பில்லில் பெரிதாகத் தெரியாது. நஷ்டம் காயிலுக்குத்தான். போர்வை போர்த்தின மாதிரி சூடு உள்ளேயே தேங்கி, அதன் உறை வெடித்துவிடும். தெர்மோஸ்டாட் குழாய் மேலும் ஓடு கட்டுவதால் சூட்டை அது தப்பாக அளக்கும், கட்-அவுட் அடிக்கடி விழும்.

போர்த் தண்ணீர் மட்டும் ஓடுகிற வீட்டில் வருசத்துக்கு ஒரு தடவையாவது, புரட்டாசி ஐப்பசியில், காயிலைக் கழற்றிச் சுத்தம் செய்துவிடுங்கள். வினிகரிலோ, சிட்ரிக் ஆசிட் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரிலோ சில மணி நேரம் ஊறவைத்தால் ஓடு உதிரும். டைல்ஸ் கழுவுகிற ஆசிட்டை மட்டும் கிட்டவே கொண்டு வராதீர்கள். காயில் உறையையும் டேங்கையும் சேர்த்தே தின்றுவிடும். சுத்தியலால் தட்டி உதிர்ப்பதும் வேண்டாம்.

கூடவே இன்னொன்றையும் பாருங்கள். டேங்குக்குள் விரல் தடிமனில் மக்னீசியம் ராடு ஒன்று இருக்கும். தான் கரைந்து டேங்கைத் துருவிலிருந்து காப்பதற்கென்றே வைத்தது. கம்பி மட்டும் மிஞ்சியிருந்தால் மாற்றிவிடுங்கள். அது தீர்ந்து போனது தெரியாமல் விட்டதால்தான் பாதி டேங்குகள் ஓட்டையாகின்றன.

தெர்மோஸ்டாட்டை எதில் வைக்கணும்?

55லிருந்து 60க்குள். அதற்கு மேல் போகப் போக உப்புப் படிவது வேகமாகும், குழந்தைகள் கை சுட்டுக்கொள்ளும்.

எங்க வீட்டில சிறுவாணித் தண்ணியும் வருது, போர்த் தண்ணியும் வருது. ஹீட்டருக்கு எதைக் கொடுக்கலாம்?

இந்தக் கேள்வியைக் கேட்ட வீட்டுக்காரர்களுக்கு நான் மனசார நன்றி சொல்வேன். கோவைக்காரர்கள் சிறுவாணியின் ருசியைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள். ஹீட்டருக்கும் அது அமிர்தம்தான். மலைக் காட்டு மழைநீர் என்பதால் அதில் கடினத்தன்மை மிகக் குறைவு. பில்லூர்த் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீர்தான். குடிதண்ணீர்த் தரத்துக்கான இந்திய நிர்ணயம் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது என்றும், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. போர்த் தண்ணீரை ஒரு தடவை லேபில் கொடுத்துப் பாருங்கள், உங்கள் வீடு எங்கே நிற்கிறது என்று தெரியும். கையில் பிடிக்கிற டி.டி.எஸ். மீட்டர் கரைந்த எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும், கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது.

மாடியில் இரண்டு தொட்டி இருக்கிற வீட்டில் ஹீட்டருக்கு மட்டும் நல்ல தண்ணீர்த் தொட்டியிலிருந்து தனி லைன் இழுக்கலாம். குளிப்பதற்குக் கலக்கிற பச்சைத் தண்ணீர் போரிலிருந்தே வரட்டும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பாத்ரூமில் சுடுதண்ணியும் பச்சைத் தண்ணியும் கலந்து வருகிற வால் மிக்ஸர் குழாய் இருந்தால் இரண்டு தண்ணீரும் அங்கே சந்திக்கும். எந்தத் தொட்டி உயரமோ அது மற்றதைத் தள்ளிக்கொண்டு போகும். போர்த் தொட்டி உயரமாக இருந்தால், உப்புத் தண்ணி ஹீட்டர் வழியாக ஏறி உங்கள் சிறுவாணித் தொட்டிக்கே போய்விடும். காபி உப்புக் கரிக்கிறது என்று ஒரு வீட்டில் கார்ப்பரேஷனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள், போய்ப் பார்த்தால் இதுதான். ஹீட்டருக்குள் போகிற லைனில் ஒரு என்.ஆர்.வி. வால்வு, அதாவது தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடுகிற வால்வு, மாட்டுங்கள்.

கார்ப்பரேஷன் தண்ணீரே வராத காங்கேயம், தாராபுரம் பக்கத்துத் தோட்டத்து வீடுகளுக்கு, தண்ணீரின் கடினத்தன்மையை எடுக்கிற சாஃப்ட்னர் ஒரு வழி. அதைக் கழுவச் சோற்றுப்பு மாதிரியான உப்புக் கரைசல் விட வேண்டும். கழுவி வெளியே வருகிற தண்ணீரைத் தென்னைக்கு விட்டுவிடாதீர்கள், மண் கெட்டுப்போகும். பைப்பின் மேல் காந்தம் கட்டினால் உப்பு படியாது என்று விற்பவர்களிடம் நான் எதுவும் வாங்கியதில்லை, யாருக்கும் வாங்கச் சொன்னதுமில்லை.

வந்துட்டே இருந்த சுடுதண்ணி திடீர்னு பச்சைத் தண்ணியாயிருது.

15 லிட்டர் ஹீட்டரில் 60 டிகிரி சூடு இருந்தால், 25 டிகிரித் தண்ணீர் கலந்து 40 டிகிரியில் உங்களுக்குக் கிடைப்பது அதிகம் போனால் 35 லிட்டர். இரண்டு பக்கெட்கூட நிறையாது. ஒறம்பரை, அதாவது விருந்தாளிகள், வந்து வரிசையாகத் தண்ணி வாத்துக்கொண்டால் மூன்றாமவருக்குக் குளிரத்தான் செய்யும்.

முதல் பக்கெட்டிலேயே ஆறிப்போனால் ஹீட்டருக்கு வருகிற பைப்பும் போகிற பைப்பும் மாறி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நீல வளையம் உள்ளே வருவது, சிவப்பு வெளியே போவது. சுடுதண்ணீர் டேங்கில் மேலே நிற்கும். பைப் மாறினால் அடியில் இருக்கிற குளிர்ந்த தண்ணீர்தான் முதலில் வரும். புது வீட்டில் இது நெம்ப சகஜம்.

எதுவும் மாறவில்லை என்றால் வேறு எங்கேயோ ஒரு மிக்ஸர் திறந்து கிடக்கிறது. ஹேண்ட் ஷவரின் நுனியை மட்டும் மூடிவிட்டு மிக்ஸரின் இரண்டு குழாயையும் திறந்தே விட்டுவிடுவோம். சொட்டுத் தண்ணீர் வெளியே வராது. உள்ளுக்குள் பச்சைத் தண்ணீர் சுடுதண்ணி லைனுக்குள் புகுந்துகொண்டே இருக்கும். வீடு முழுக்க வெதுவெதுப்புதான் வரும். மாடி பாத்ரூமில் பேரன் இப்படிச் செய்துவிட்டுப் போவான், கீழே தாத்தா என்னைக் கூப்பிடுவார்.

பச்சைத் தண்ணி நல்லா வருது, சுடுதண்ணி நூல் மாதிரி வருது.

மிக்ஸருக்குள் சல்லடையில் உப்புத் துகள் அடைத்திருக்கும், கழற்றிக் கழுவுங்கள். பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் என்றால் உள்ளே உப்பும் துருவும் சேர்ந்து பென்சில் போகிற அளவுக்குத்தான் ஓட்டை இருக்கும், அதற்கு மருந்தில்லை, மாற்ற வேண்டியதுதான். புது லைன் என்றால் காற்று அடைத்திருக்கலாம். மிக்ஸரின் இரண்டு குழாயையும் திறந்து, தண்ணீர் வருகிற வாயை உள்ளங்கையால் இறுக்கி மூடிச் சித்த நேரம் பிடியுங்கள். பச்சைத் தண்ணீர் பின்னால் ஏறிக் காற்றைத் தள்ளிவிடும். லைனில் என்.ஆர்.வி. இருந்தால் இந்த வித்தை பலிக்காது.

சுடுதண்ணி லைனுக்கு வெள்ளை பி.வி.சி. பைப் போட்டிருந்தால் உடனே சொல்லிவிடுங்கள், அது சூட்டில் இளகிவிடும். சூடு தாங்குகிற சி.பி.வி.சி. பைப்தான் போட வேண்டும்.

ஹீட்டருக்குக் கீழே வால்விலிருந்து சொட்டுதுங்க. ஸ்குரூ வெச்சு அடைச்சுரலாமா?

வேண்டவே வேண்டாம். அது உள்ளே பிரஷர் கூடினால் திறந்துவிடுகிற பாதுகாப்பு வால்வு. தண்ணீர் சூடானால் விரியும். 25 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்குப் போனால் ஒரு பெரிய டம்ளர் அளவு கூடும். உள்ளே வருகிற லைனில் என்.ஆர்.வி. இருந்தால் அந்தக் கூடுதல் தண்ணீருக்குத் திரும்பிப் போக வழியில்லை, வால்வு வழியாகச் சொட்டும். சூடேறும்போது சொட்டி, அப்புறம் நின்றால் எல்லாம் சரியாக இருக்கிறது. ஒரு சின்ன டியூப் மாட்டித் தரைக்கு விடுங்கள். ராத்திரி பகலாகச் சொட்டினால் வால்வு கெட்டிருக்கிறது, அல்லது மோட்டார் வைத்து நேரடியாகத் தள்ளுகிற பிரஷர் அதிகம். அந்த வால்வை அடைத்து, தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் ஒருசேரக் கெட்டுப்போனால், மேலே நீங்கள் கேட்ட "வெடிச்சுருமா" என்பதற்குப் பதில் மாறிவிடும்.

குழாயைத் தொட்டா சுருக்குன்னு இருக்குது.

மெயினை இறக்குங்கள். சரிபார்த்து முடிக்கும் வரை அந்த பாத்ரூமில் யாரும் குளிக்க வேண்டாம். காயில் உறை வெடித்துக் கரண்ட் தண்ணீருக்கு வந்திருக்கும், எர்த்தும் சரியாக இருக்காது. எர்த் சரியாக இருந்தால் இந்தச் சுருக்கே தெரிந்திருக்காது. சித்திரை வெயிலில் எர்த் குழி காய்ந்துவிடும், அதில் தண்ணீர் ஊற்றுகிற பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். வீட்டு போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாவிட்டால் ஹீட்டரைச் சரிசெய்கிற கையோடு அதையும் போட்டுவிடுங்கள். கரண்ட் அளவு மீறினால் விழுகிற எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும். கரண்ட் கசிந்தால் விழுந்து ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. அது அடிக்கடி விழுகிறது என்று கழற்றச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அது விழுவது உங்களுக்காகத்தான்.

பக்கெட்டில் போடுகிற வாட்டர் ஹீட்டர் ராடுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பிளக்கைப் பிடுங்காமல் தண்ணீரைத் தொட்டுப் பார்க்கக் கூடாது. சுவிட்சை அணைத்தது கணக்கில்லை.

சுடுதண்ணியில மட்டும் அழுகின முட்டை நாத்தம் வருது.

போர்த் தண்ணீரில் சல்பேட்டும் ஒருவகை நுண்ணுயிரும் இருந்தால், மக்னீசியம் ராடோடு சேர்ந்து இப்படி நாறும். ஊருக்குப் போய் ஹீட்டர் பத்து நாள் சும்மா கிடந்தால் அதிகமாக இருக்கும். ஒரு தடவை முழுச் சூட்டில் வைத்து, டேங்கைக் காலி செய்து கழுவுங்கள். திரும்ப வந்தால் மக்னீசியத்துக்குப் பதில் அலுமினியம்-துத்தநாக ராடு போடச் சொல்லுங்கள். ராடே இல்லாமல் ஓட்டினால் நாற்றம் போகும், டேங்கும் கூடவே போகும்.

சோலார் சாயங்காலம் கொதிக்குது, காலையில ஆறிக் கிடக்குது.

இதற்கு ஒரு ராத்திரிப் பரீட்சை வைக்கலாம். பொழுதோட மாடிக்குப் போய் சோலார் டேங்கிலிருந்து வீட்டுக்கு இறங்குகிற சுடுதண்ணி வால்வை மூடிவிடுங்கள். வெள்ளென எழுந்து திறந்து பாருங்கள். சூடாக வந்தால் சோலாரில் குற்றமில்லை, ராத்திரியெல்லாம் வீட்டுக்குள் ஏதோ ஒரு மிக்ஸர் வழியாகப் பச்சைத் தண்ணீர் ஏறிக் கலந்திருக்கிறது. மூடியும் ஆறிப்போயிருந்தால் டேங்கைச் சுற்றிச் சூட்டைக் காக்கிற பஃப் நுரை நனைந்து வீணாகியிருக்கும், அல்லது வெயிலை வாங்குகிற இரட்டைச் சுவர்க் கண்ணாடி டியூபில் நடுவிலுள்ள வெற்றிடம் போயிருக்கும்.

வெற்றிடம் போன டியூபைக் கண்டுபிடிக்க மீட்டர் வேண்டாம். டியூபின் அடி நுனி கண்ணாடிக்குள் வெள்ளி பூசின மாதிரி இருக்கும், அது பேரியம். உள்ளே காற்று புகுந்தால் பால் வெள்ளையாக வெளுத்துவிடும். வெயிலில் தொட்டுப் பார்த்தாலும் தெரியும்: நல்ல டியூப் வெளியே சில்லென்றிருக்கும், கெட்டது சுடும். ஒரு டியூபை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், மொத்த செட்டையும் மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மாற்றுகிற நேரம் முக்கியம். உச்சி வெயிலில் காலியாகக் காய்ந்த டியூபுக்குள் பச்சைத் தண்ணீரை விட்டால் பட்டென்று விரிந்துவிடும். மயில் உட்கார்ந்து உடைத்துவிட்டது என்று மயில் மேல் பழி போடுகிற வீடுகளில் பாதி இப்படித்தான் உடைந்தது. விடியற்காலையிலோ இருட்டினபிறகோ நிரப்புங்கள்.

சோலாருக்கும் உப்புத் தண்ணி ஆகாதா?

ஆகாது. தட்டையான கண்ணாடிப் பெட்டி வகையில் விரல் தடிமன் தாமிரக் குழாய்கள்தான் ஓடுகின்றன, சில வருசத்தில் அடைத்துக்கொள்ளும். போர்த் தண்ணீர் வீட்டுக்கு டியூப் வகை தேவலை, வாய் அகலம், உப்பு அடியில் போய்ச் சேரும், கழற்றிக் கொட்டிவிடலாம். தட்டைப் பெட்டிதான் வேண்டுமென்றால், போர்த் தண்ணீர் குழாய்க்குள் போகாமல் சூட்டை மட்டும் மாற்றித் தருகிற ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்த மாடலாகக் கேளுங்கள்.

பங்குனி, சித்திரையில் யாருக்கும் சுடுதண்ணி வேண்டாம், ஆனால் சோலாருக்கு லீவு கிடையாது. கொதித்துக் கொதித்து உப்பை இறக்கும். பாதி டியூப்களைச் சாக்கு அல்லது தென்னங்கீற்றுப் போட்டு மூடிவைத்தால் அடுத்த மார்கழிக்கு நன்றி சொல்வீர்கள். ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமிருந்து மேகமும் சாரலும் வரும்போது சோலார் வெதுவெதுப்போடு நின்றுவிடும், அதில் பழுது எதுவுமில்லை.

சோலார் டேங்க் சப்பளிஞ்சு போச்சுங்க.

மேலே நிற்கிற காற்றுக் குழாய் உப்பில் அடைத்துக்கொண்டது. தண்ணீர் இறங்கும்போது காற்று உள்ளே போக வழியில்லாமல் டேங்க் நசுங்கிவிட்டது. அந்தக் குழாயின் வாய் பச்சைத் தண்ணீர்த் தொட்டியின் மட்டத்துக்கு மேலேயும் இருக்க வேண்டும், அடைப்பில்லாமலும் இருக்க வேண்டும்.

கேஸ் கீசர் வாங்கலாமா?

சிலிண்டரும் ஹீட்டரும் பாத்ரூமுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் இருந்தால் வாங்குங்கள். சன்னல் சாத்திய பாத்ரூமுக்குள் வைத்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசமும் கிடையாது, நிறமும் கிடையாது. தலை சுற்றுவதை உணர்வதற்குள் ஆள் விழுந்துவிடுவார். பற்றவே மாட்டேன் என்றால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள், அப்புறம் தண்ணீர் பிரஷரைப் பாருங்கள். தொட்டி உயரம் போதாத தரைவீட்டில் பல மாடல்கள் பற்றாது.

பொடக்காளியில இருந்த செம்பு பாய்லரைப் பழைய இரும்புக்குப் போட்டுரலாமா?

எனக்குக் கொடுத்துவிடுங்கள். தேங்காய் மட்டையும் கொட்டாங்குச்சியும் போட்டுப் புழக்கடையில் காய்ச்சுகிற அந்த பாய்லருக்கு கரண்ட் வேண்டாம், உப்புப் படிந்தாலும் ஒரு தட்டுத் தட்டினால் போகும்.

மகள் பிரசவத்துக்கு லண்டன் வந்திருக்கேனுங்க. இங்க சுவத்துல இருக்கிற சூட்டுப் பெட்டி மேல்பாதி ஜில்லுன்னு இருக்குது.

வாட்ஸ்ஆப்பில் வீடியோ அனுப்பி ஒரு அம்மிணி கேட்டது. அப்புறம் ஐந்தாறு பேர் கேட்டுவிட்டார்கள், அதனால் எழுதுகிறேன். அங்கே ஒரே பாய்லர் சுடுதண்ணியும் தரும், வீடு முழுக்க ரேடியேட்டருக்கு வெந்நீரையும் சுற்றவிடும். மேலே மட்டும் குளிர்ந்தால் உள்ளே காற்று சேர்ந்திருக்கிறது. ஹீட்டிங்கை நிறுத்தி ஆறவிட்டு, ஓரத்தில் இருக்கிற சதுர மூக்கை அதற்கான சாவியால் அரைச் சுற்று திருப்புங்கள். உஸ்ஸென்று காற்று போய்த் தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடுங்கள், ஒரு பழைய துணி கையில் இருக்கட்டும். கீழே மட்டும் குளிர்ந்தால் அடியில் துருச் சேறு, அது ஆள் வைத்துக் கழுவுகிற வேலை.

காற்றை விட்டபின் பாய்லர் முன்னால் இருக்கிற பிரஷர் முள்ளைப் பாருங்கள். ஆறியிருக்கும்போது 1 பாருக்கும் 1.5க்கும் நடுவில் நிற்க வேண்டும். இறங்கியிருந்தால் பாய்லருக்கு அடியில் உள்ள நிரப்புக் குழாயை மெதுவாகத் திறந்து ஏற்றி, மறக்காமல் மூடுங்கள். உறைபனி ராத்திரிக்குப் பிறகு பாய்லர் நின்றுவிட்டால், வெளிச்சுவரில் ஓடுகிற மெல்லிய பிளாஸ்டிக் கழிவுக் குழாய் உறைந்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றுங்கள், கொதிக்கிறதை ஊற்றாதீர்கள். பாய்லரின் மூடியை மட்டும் மருமகனும் தொட வேண்டாம், அங்கே கேஸ் வேலைக்கு கேஸ் சேஃப் பதிவு பெற்றவரைத்தான் கூப்பிட வேண்டும் என்பது சட்டம். முள் வாரா வாரம் இறங்கிக்கொண்டே இருந்தால் எங்கேயோ கசிகிறது. தரை விரிப்பில் ஈரம் தெரிகிறதா என்று ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் அடியில் கை வைத்துப் பார்த்துவிட்டு அவரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.